கமல் இல்லாத நாயகன்

நாயகன் படத்தை நான் முதன்முதல் பார்த்தபோது அதில் கமல்ஹாசன் இல்லை. பம்பாய் இல்லை, மழை இல்லை, மணிரத்னத்தின் அரையிருட்டும் இல்லை. பளிச்சென்ற வெளிச்சத்தில் விஜய் ரிவியின் லொள்ளு சபாக்காரர்கள் நெருக்கியடித்து நின்று, ஒரு தாதாவின் முழு வாழ்க்கையையும் கொஞ்ச நேரத்துக்குள் முடித்துவிட்டுப் போனார்கள். சின்னத்தம்பியும் மௌன ராகமும் எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தன.

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை முதலில் படத்தைப் பார்க்கும். பாட்டை முணுமுணுக்கும், வசனத்தைப் பாடமாக்கும். அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தைக் கேலி செய்கிற நிகழ்ச்சிக்கு வரும். யாழ்ப்பாணத்தின் கொக்குவிலில் நாங்கள் தமிழ் சினிமாவுக்குள் கோடிப்பக்கப் படலையால் நுழைந்தவர்கள். கேலி முதலில் வந்தது. கேலி செய்யப்பட்ட படம், கிடைத்தால், பிறகு வந்தது. வந்தபோது அசல் எங்களுக்கு நகல் போலத் தெரிந்தது. யாரோ எங்கட நிகழ்ச்சியைப் பார்த்து, அதிலிருந்த பகிடிகளை எல்லாம் கழற்றிவிட்டு, காசைக் கொட்டி எடுத்த படம்போல.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. 1996 வரை குடாநாட்டில் கறண்ட் இல்லை. நான் பிறந்தது அந்த வருஷங்களுக்குள். வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை ரிவி இருந்தது. அதன்மேல் அம்மம்மா சாமிப் படம் ஒன்றை வைத்து, அதற்குத் தினமும் பூ வைப்பா. ரிவி என்பது சாமிப் படம் வைக்கிற பெட்டி என்றுதான் கனகாலம் எனக்குள் இருந்தது. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும். பாட்டுக் கேட்கவேண்டுமென்றால் மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் வருகிற கறண்டில் கசெற் ஓடும். சுற்றுகிற கை களைத்தால் பாடுகிறவரின் குரலும் இழுபட்டுக் கட்டையாகிவிடும். பற்றரி தடைப்பட்டியலில் இருந்த காலம் அது. இதில் பாதி எனக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. ஆனால் அந்தக் குரல் இழுபடுவது மட்டும் என் காதில் இருக்கிறது, சத்தியமாக.

அப்படிச் சுற்றிக் கேட்ட கசெற்றுகளில் கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்'றும் ஒன்று. ஒற்றை ஆள் மேடையில் நின்று ஒரு பஸ் முழுவதையும் கொண்டுவந்துவிடுவார். கொண்டக்டர், ஏறுகிறவர், இறங்குகிறவர், நெருக்குப்படுகிறவர், கொழுவல் பிடிக்கிறவர் எல்லாம் அவர்தான். கரவெட்டி ஆள். பிறகு கனடா போய், 2014இல் அங்கேயே காலமானார். பஸ்ஸுக்கு டீசல் இல்லாத ஊரில் பஸ்ஸைப் பற்றிய பகிடியைச் சைக்கிள் சுற்றிக் கேட்டுச் சிரித்தது எங்கட சனம்.

மாமாவுக்கு இது பெரிய பெருமை. பின்னாட்களில் நாங்கள் லொள்ளு சபாவைத் தலையில் வைத்து ஆடியபோதெல்லாம், "உதெல்லாம் நாங்கள் அந்தக் காலத்திலயே கேட்டாச்சு" என்று தொடங்குவார். இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' பற்றிய பிரசங்கம் அது. எஸ். ராம்தாஸ் எழுதி, மரிக்காராக நடித்தது. அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீத். ஒரு முஸ்லிம் அறிவிப்பாளர் ஐயராக வந்து கதைக்க, நாடு முழுக்க றேடியோவுக்கு முன்னால் இருந்தது. 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. மாமா இவர்களுடைய குரல்களை எல்லாம் செய்து காட்டுவார். எல்லாக் குரலும் மாமாவின் குரலாகவே இருக்கும். நாங்கள் மரியாதைக்குச் சிரிப்போம்.

2002 பெப்ரவரியில் சமாதான ஒப்பந்தம். சித்திரையில் முகமாலைப் பாதை திறந்தது. ஏ9 வீதியால் சாமான் வரத் தொடங்கியது: மோட்டார் சைக்கிள், சோடா, கலர் ரிவி, வெளிநாட்டு மாமிகள். ஆடியபாதம் வீதிப் பக்கம் வீசிடி வாடகைக் கடைகள் முளைத்தன. எங்கள் ஒழுங்கையில் 'சுவிஸ் வீடு' என்று ஒன்று இருந்தது. மகன் சுவிற்சர்லாந்தில் இருந்தபடியால் அந்தப் பெயர். அந்த அன்ரி சுவிஸைக் கண்ணாலும் கண்டவ இல்லை. அவவின் கூரையில் ஒருநாள் வெள்ளை நிறத்தில் டிஷ் ஒன்று ஏறியது. மகன் விடுமுறையில் வந்தபோது பூட்டுவித்தது. அவன் போனபிறகு அதைப் பார்க்க அன்ரிக்குத் துணை தேவைப்பட்டது. துணை என்றால் ஒழுங்கையில் உள்ள பெடி பெட்டைகள் எல்லாரும். நிலத்தில் பாய், கதிரையில் அன்ரி, வாசற்படியில் அம்மம்மா. அம்மம்மா உள்ளே வரமாட்டா. "நான் சும்மா காத்துக்கு இருக்கிறன்" என்பா. ஒரு காட்சியையும் தவறவிடமாட்டா.

லொள்ளு சபா 2003இல் விஜய் ரிவியில் தொடங்கியது. ராம்பாலா இயக்கியது. வாரத்துக்கு ஒரு படத்தை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுவார்கள். அந்த ஆட்களை எங்களுக்கு முன்பின் தெரியாது. தமிழ்நாட்டுக்கும் அப்போது தெரியாதுதான். இன்றைக்குச் சந்தானம் கதாநாயகன், யோகி பாபுவுக்குத் தனி ரசிகர் கூட்டம். அன்று அவர்கள் சம்பளம் எவ்வளவு என்று யோசிக்க வைக்கிற அளவுக்கு மெலிந்த செட்டுகளுக்குள் நின்ற பெடியன்கள்.

நேரம் என்பதே அந்த நாட்களில் ஒரு பகிடி. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. சில மாதத்தில் மனம் மாறி அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. ஆகவே நாங்கள் இந்தியாவுக்கு அரை மணித்தியாலம் முன்னால். புலிகளின் வன்னியோ மாறாமல் பழைய நேரத்திலேயே நின்றது. முகமாலையைத் தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்பவேண்டும். கலியாணக் கார்ட் வந்தாலும், ஆஸ்பத்திரிக்குத் துண்டு கிடைத்தாலும், "புது நேரமோ பழைய நேரமோ?" என்று கேட்காமல் ஒருவரும் அசைவதில்லை. அம்மம்மா வீட்டு மணிக்கூட்டைத் தொடவே விடவில்லை. சூரியனுக்கு ஆர் சுற்றறிக்கை அனுப்பினது என்பது அவவின் கேள்வி. விஜய் ரிவியின் நேரமும் அம்மம்மாவின் நேரமும் ஒன்றாக இருந்தது அவவுக்குப் பரம திருப்தி. "மெட்ராஸ்காரனுக்குத்தான் சரியான நேரம் தெரியுது" என்று அன்ரியிடம் சொல்லுவா. எங்களுக்கு அரை மணித்தியால இடைவெளியால் வேறு வில்லங்கம். நிகழ்ச்சி தொடங்கும்போது ஊரில் நேரம் பிந்தியிருக்கும்; முடியமுதல் எங்கள் பகுதிக்கு மின்வெட்டு வந்துவிடும். சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடிய என்ஜின்களின் கையில் எங்கள் முடிவுக் காட்சிகள் இருந்தன. எத்தனையோ படங்கள் எனக்கு முக்கால்வாசியில் நிற்கின்றன. கடைசியில் என்ன நடந்திருக்கும் என்று மாமாவின் மூத்த மகன் கதை கட்டிச் சொல்லுவான். அவன் சொன்ன முடிவுகள் இரண்டொன்று அசலைவிட நன்றாக இருந்தன என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

எங்களைப் பிடித்து உலுக்கியது பகிடிகள் மட்டும் இல்லை. நடிகர்கள் கதைக்குள்ளிருந்து வெளியே வந்து வந்து போனதுதான். அழுதுகொண்டு நிற்கிறவர் சட்டென்று அழுகையை நிறுத்தி, இந்தக் காட்சிக்கு இவ்வளவு அழுதால் போதுமா என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். செட் மட்டம், காசு இல்லை என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். சுவாமிநாதன் கோபப்படத் தொடங்கினால் அந்தக் கோபத்தை யாரும் மதிக்கமாட்டார்கள். அதனால் கோபம் இன்னும் ஏறும். ஈஸ்டர் கதாநாயகியாக வந்து கண்ணீர் விட்டால் எதிரே நிற்கிற ஜீவா ரஜினியாகி விடுவார். பெரிய படத்தில் பெரிய மனிதர் சொன்ன பெரிய வசனத்துக்கு, இங்கே எதிரில் நிற்கிறவர் 'சரி, அதுக்கு இப்ப என்ன?' என்கிற தோரணையில் ஒன்றைச் சொல்லிவிடுவார். அவ்வளவுதான், வசனம் காற்றுப்போய்விடும்.

மனோகரை எப்படி விவரிப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கழுத்து மூன்றாவது பக்கம் போகும். வசனம் இவை எல்லாவற்றுக்கும் பிறகு வந்து சேரும். ஏன் அப்படி நடக்கிறார் என்பதற்குக் கதையில் எந்தக் காரணமும் இல்லை. காரணம் இல்லை என்பதே சிரிப்பு. முதல் நாள் அம்மம்மா வாசற்படியிலிருந்து எழும்பியேவிட்டா. "ஐயோ, உந்தப் பொடியனுக்கு வலிப்பு வருகுது, ஆரும் ஒரு இரும்பைக் கையில குடுங்கோவன்!" அன்ரி கதிரையில் குனிந்து குனிந்து சிரித்தா. பிறகு அம்மம்மாவுக்கு அவர்தான் விருப்பமான ஆள். அவர் வராவிட்டால், "இண்டைக்கு அந்த வலிப்புக்காரன் இல்லையோ?" என்று கேட்பா. யாழ்ப்பாணத்தில் மனோகரா என்று ஒரு தியேட்டர் உண்டு. அது இவருடையதுதான் என்று நாங்கள் குட்டித்தம்பியைக் கனநாள் நம்பவைத்திருந்தோம்.

பார்த்ததைச் செய்து பார்க்காமல் இருக்க முடியுமா? எங்களுக்கு மேடை தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. கொக்குவில் புகையிரத நிலையம் இருந்தது. புகையிரதம் இல்லை. 1990இல் நின்ற ரயில். தண்டவாளத்தையும் சிலிப்பர்க்கட்டைகளையும் கழற்றிப் பதுங்குகுழிகளுக்கு மூடியாகப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது கல் நிரவிய ஒரு நீளப் பாதை. அதில் சனம் சைக்கிளில் போகும், ஆடு மேயும். ஸ்ரேசன் வீதி என்ற பெயர் மட்டும் பதவியை விடாமல் இருந்தது. எங்கள் கூட்டத்தில் ரயிலைக் கண்ட ஒருவரும் இல்லை. ரயில் என்றால் அது தமிழ்ப் படத்தில் கடைசிக் காட்சியில் வருவது.

ஆகவே கடைசிக் காட்சியில் ரயில் வருகிற படமாகப் பார்த்து எடுத்தோம்: மூன்றாம் பிறை. மட்டக்களப்புக்காரரான பாலு மகேந்திரா 1982இல் எடுத்த படம். அதை எங்களில் யாரும் பார்த்திருக்கவில்லை. மாமா எண்பதுகளில் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் ஓடிய கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் கண் கலங்கச் சொன்ன கதைதான் எங்களுக்குத் திரைக்கதை. பார்க்காத படத்தைக் கேலி செய்வதில் எங்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. பார்த்த எல்லாமே அப்படித்தானே வந்தது.

மாமாவின் மூத்தவன் கமல். கதையில் கமல் குரங்காட்டம் ஆடவேண்டும், ஸ்ரீதேவி அடையாளம் கண்டுகொள்ளமாட்டாள், ரயில் போய்விடும். எங்களிடம் ரயில்தான் பிரச்சினை. ஆறேழு பேர் ஒருவர் சேட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயிலானோம். ஸ்ரீதேவி மூன்றாவது பெட்டி. மூத்தவன் குரங்காட்டத்தை மனோகர் நடையில் ஆடினான். ஸ்ரீதேவி, "ஆரடா இவன், வலிப்புக்காரன்?" என்று கேட்கவேண்டும். கேட்கமுதல் அவளுக்குச் சிரிப்பு வந்து ரயில் இரண்டாக உடைந்துவிடும். திரும்பத் திரும்ப உடைந்தது.

அப்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒரு ஐயா நின்றார். ஓய்வு பெற்ற உத்தியோகத்தர். வெள்ளை வேட்டி, கரியரில் மரக்கறிப் பை. ஏச்சு விழப்போகுது என்று ரயில் அப்படியே உறைந்தது. அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கோச்சி எங்க போகுது?"

"மெட்ராஸுக்கு, ஐயா."

"மெட்ராஸுக்குப் போ, சங்கானைக்குப் போ. யாழ்ப்பாணத்தால போற கோச்சி தெற்காலயெல்லோ போகவேணும்? உப்பிடியே வடக்கால ஓடினியள் எண்டால் காங்கேசன்துறைக் கடலுக்கதான் போய் நிப்பியள்!"

நாங்கள் ரயிலைத் திருப்பினோம். அவருக்கு அதோடு போக மனம் வரவில்லை. கார்ட் எங்கே, பச்சைக்கொடி எங்கே, மணி அடிக்காமல் கோச்சி எப்படி வெளிக்கிடும் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். சைக்கிள் மணியைத் தானே அடித்தார். கடைசியில் எங்கள் மூன்றாம் பிறையில் கமலும் ஸ்ரீதேவியும் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். புகையிரதத் திணைக்களத்தின் ஒழுங்குவிதிகள்தான் கதை. அதைவிட நல்ல பகிடியை நாங்கள் அதற்குப் பிறகு ஒருநாளும் செய்யவில்லை. அவர் பகிடி விடவில்லை என்பதுதான் அதில் விசேஷம்.

எல்லாப் பகிடியும் இப்படி முடியவில்லை. அது ஒலிபெருக்கிகளின் காலமும்தான். பொங்கு தமிழ்க் கூட்டங்கள் நடந்த காலம். சந்திக்குச் சந்தி மேடை, மேடைக்கு மேடை ஏறி இறங்குகிற ஒரு குரல். மாமாவின் மூத்தவனுக்கு அந்தக் குரல் அச்சாக வரும். ஒருநாள் முற்றத்தில் நின்று, பாத்திரத்தைக் கவிழ்த்து ஒலிவாங்கியாக்கி, அம்மம்மாவின் பாக்கு உரலைப் பற்றி அந்தக் குரலில் ஒரு எழுச்சி உரை ஆற்றினான். நாங்கள் விழுந்து புரண்டோம். மாமா உள்ளேயிருந்து வந்தார். அடிக்கவில்லை. வேலிக்கு அப்பால் ஒழுங்கையை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "சினிமாக்காரனை நக்கலடி. உது வேண்டாம்." விஜய் ரிவிக்காரர் எந்தப் பெரிய நடிகரையும் கிழித்துத் தொங்கப் போடலாம். எங்களுக்கு விடப்பட்ட எல்லை எது என்று அன்றைக்கு விளங்கியது. நக்கலின் நெளிவு சுளிவைப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கு அந்த எல்லைக்குள் நிற்பது லேசில்லை. நின்றோம்.

மற்ற எல்லை சென்றியில் இருந்தது. ரியூசன் முடிந்து வரும்போது குட்டித்தம்பி தன்பாட்டில் மனோகர் நடை நடந்துகொண்டு வந்தான். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆமிக்காரன் கையைக் காட்டிக் கூப்பிட்டான். எங்களுக்கு ஈரல் கருகியது. அவன், "ஆயெத் கரன்ன" என்றான். திரும்பச் செய்யட்டாம். குட்டித்தம்பி அழுகிற முகத்தோடு அதே நடையை நடந்தான். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஆமிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளே இருந்த இன்னொருவனையும் கூப்பிட்டுக் காட்டினான். சிரிப்பு எல்லாரையும் ஒன்றாக்கியது என்று இந்த இடத்தில் எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த குட்டித்தம்பி காய்ச்சலில் கிடந்தான். பெரியம்மா தண்ணி ஓதுவித்தா. அதன் பிறகு அவன் வீட்டு முற்றத்திலும் அந்த நடையை நடக்கவில்லை.

நாயகன் வீசிடி வந்தது இதற்கிடையில். மாமாவே கடையில் எடுத்துவந்தார். "உங்கட கூத்தை விட்டிட்டு ஒருக்கா உண்மையான படத்தைப் பாருங்கோ" என்று கதிரைகளை ஒழுங்காகப் போட்டு, லைற்றையும் நூர்த்தார். வேலு நாயக்கர் வயதாகி நடக்கத் தொடங்கியபோதே பின்வரிசையில் ஒரு கனைப்பு. மகள் முன்னால் நின்று நியாயம் கேட்கிற காட்சியில் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் படாத பாடுபட்டோம். கடைசியில் பேரப்பிள்ளை வந்து 'நீங்க நல்லவரா, கெட்டவரா?' என்ற அந்தக் கேள்வியைக் கேட்டது. வெடித்துவிட்டோம். மாமா எழும்பி ரிவியை நிற்பாட்டினார். ஏசவில்லை. வெளியே போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தார்.

நாயகன் 1987 ஒக்ரோபர் 21, தீபாவளிக்கு இந்தியாவில் வெளியானது. அதே ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குள் இறங்கிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. கொக்குவில் பிரம்படியில் செத்த சனம், கொக்குவில் இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்தபோது ஷெல் விழுந்து செத்த சனம், எல்லாம் அந்த மாதம்தான். மாமா தப்பி வந்தவர். அடுத்த வருஷமோ என்னவோ, யாரோ ஒரு வீட்டில் டெக்கில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். இந்தியாவிலிருந்து ஷெல்லும் வந்தது, இளையராஜாவும் வந்தார். இரண்டையும் எப்படி ஒரே மனதில் வைத்துக்கொண்டார் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அந்தப் பேரனின் கேள்விக்கு அவரிடம் வேறு அர்த்தம் இருந்திருக்கும். எங்களுக்கு அது ஏற்கெனவே கேட்டுச் சிரித்த ஒரு பகிடியின் சப்பையான வடிவம். இரண்டு தலைமுறைக்கு ஒரே காட்சி. அந்தப் படத்தை நான் முழுவதும் பார்த்தது கனகாலத்துக்குப் பிறகு. பெரிய படம்தான். இன்றைக்கும் அந்தக் கடைசிக் காட்சி வந்தால் உதட்டைக் கடிக்கவேண்டியிருக்கிறது.

2004 தீபாவளிக்கு மன்மதன் வந்தது. சிம்பு படம் என்று ஊர் சொன்னது. எங்களுக்கு அது சந்தானம் படம். பெரிய திரையில் அவர் முகம் வந்ததும் ஒழுங்கையே கைதட்டியது, சொந்தக்காரப் பெடியனுக்கு வேலை கிடைத்ததுபோல. அன்ரி சுவிஸுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னா. சந்தானம் சினிமாவுக்குள் போகப் போக, சபையில் ஜீவா முன்னுக்கு வந்தார். நிகழ்ச்சி தொடர்ந்தது. ஆனால் ஆரம்ப நாட்களில் இருந்த ஒரு அசட்டுத் துணிவு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் செய்கிறவர்களுக்கு வருகிற துணிவு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. எங்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் காரணமாக இருக்கலாம்.

2006 சித்திரையில் அரசாங்கம் கடிகாரத்தைத் திரும்பவும் பழைய நேரத்துக்கு மாற்றியது. அம்மம்மா வென்றுவிட்டா. பத்து வருஷம் மணிக்கூட்டைத் தொடாமல் இருந்தவ, நாடே தன் வீட்டு நேரத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தா. அந்த வெற்றியை அனுபவிக்க அவவுக்குக் கனநாள் கிடைக்கவில்லை. ஆவணி 11ஆம் திகதி முகமாலை மூடியது. ஊரடங்கு. சீனிக்கும் மாவுக்கும் விடியமுதல் வரிசை. சுவிஸ் அன்ரி பாஸ் எடுத்து, கப்பலில் கொழும்புக்குப் போய், கடைசியில் உண்மையாகவே சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்தா. டிஷ் கூரையில் கிடந்தது, அதில் காகம் இருந்தது. மாமாவின் மூத்தவனை ஏஜென்சிக்காரன் மூலம் வெளியே அனுப்பினார்கள். அவன் குரலை அடக்கிவைக்க முடியாதவன் என்பது மாமாவுக்குத் தெரியும்.

மொன்ரி பைத்தானை நான் பார்த்தது பல்கலைக்கழகக் காலத்தில், இணையத்தில். பிபிசி 1969 ஒக்ரோபர் 5, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தொடங்கிய நிகழ்ச்சி. ஆறு பேர். துணுக்கு என்றால் கடைசியில் ஒரு வெடி வேண்டும் என்ற விதியை அவர்கள் தூக்கி எறிந்தார்கள். ஒரு துணுக்கு பாதியில் இன்னொன்றுக்குள் விழும். டெரி கில்லியம் வெட்டி ஒட்டிய சித்திரத்தில் ஒரு பிரம்மாண்டக் கால் வந்து எல்லாவற்றையும் நசுக்கும். கிரகாம் சப்மன் இராணுவ அதிகாரி வேஷத்தில் வந்து, இது அளவுக்கு மீறிய அசட்டுத்தனம் என்று சொல்லித் துணுக்கையே நிறுத்திவிடுவார். எனக்கு உடனே மரக்கறிப் பையோடு நின்ற ஐயாவின் ஞாபகம் வந்தது. ஜோன் கிளீஸ் 1970இல் அசட்டு நடைகளுக்கென்று ஒரு அமைச்சு நடத்துகிறார். நீளக் காலை வானத்துக்கு வீசி, கோட்டும் தொப்பியுமாக நடக்கிறார். உலகமே கொண்டாடிய நடை. நல்ல நடைதான். ஆனால் அவருக்கு நடக்கத் தனியாக ஒரு அமைச்சு தேவைப்பட்டது. மனோகர் எந்த ஆதரவும் இல்லாமல் நடந்தார்.

பைத்தான்காரர் பிபிசிக்குள் இருந்துகொண்டே பிபிசியின் அறிவிப்பாளரையும் ஆவணப்படத்தையும் நக்கலடித்தார்கள், ஏனென்றால் அங்கே வீட்டுக்குள் வந்து அதிகாரமாகப் பேசியது பிபிசி. தமிழ்நாட்டில் அந்த இடம் சினிமாவுக்கு. ராம்பாலாவின் ஆட்கள் தொட்டது சரியான நரம்பை. பிற்பாடு அவர் 2016இல் தில்லுக்கு துட்டு என்று சந்தானத்தை வைத்துப் படமே எடுத்தார். பழைய பாகங்களை இப்போது போட்டுப் பார்த்தால் நெளிய வைக்கிற இடங்களும் உண்டு. கறுப்பை, பருமனை, பெண்களை வைத்து அடித்த லேசான பகிடிகள். அப்போது அதற்கும் சிரித்தோம். அவை பழசாகிவிட்டன. வசனத்தைக் காற்றுப்போக வைக்கிற அந்த வித்தை பழசாகவில்லை.

2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வரை வந்தது, அடுத்த தையில் காங்கேசன்துறை வரை. கொக்குவில் ஸ்ரேசன் புதிதாக நிற்கிறது. மூன்று மொழியில் பெயர்ப்பலகை, கொடி, மணி எல்லாம் உண்டு. மூன்றாம் பிறையை நான் இன்னும் பார்க்கவில்லை. மாமாவின் மூத்தவன் ரொறன்ரோவில் பார்த்துவிட்டானாம். எங்கள் குடும்ப வட்ஸப்பில் நடுச்சாமத்தில் எழுதியிருந்தான்: "படம் நல்லம்தான். கோச்சிதான் பிழையான பக்கத்தால போகுது."